கித்தா மரத்தடியில் பொம்மைச் சிப்பாய்கள்

டயோராமா என்பது, ஒரு நிலத்துண்டையும் அந்நிலத்தில் நிகழ்ந்த ஒரு கணத்தையும் குறித்த ஓர் அளவில் சுருக்கி, மனித உருவங்களும் வண்டிகளும் மரங்களும் மண்ணுமாகப் பலகையொன்றின்மேல் நிறுத்திக் காட்டும் கைவினையாகும். நவராத்திரிக் கொலுவில் படிகளுக்குக் கீழே மணல் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவி முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, ‘பார்க்’ அமைத்துப் பழகிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் அடிப்படை புதிதன்று. கொலுவில் மூன்று அங்குலச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அரையடி உயரக் கிளி அமர்ந்திருப்பதை எவரும் குறை சொல்வதில்லை; டயோராமாவிலோ அந்தக் கிளிக்கு இடமில்லை. பலகையில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கவேண்டும், ஒரே நாளின் ஒரே நேரத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்னும் இரண்டு கட்டுப்பாடுகளே இக்கலையைப் பொம்மை அடுக்குவதிலிருந்து வேறுபடுத்துகின்றன.

போர்க்காட்சிகளை இவ்வாறு அமைப்போரில் மிகப் பெரும்பாலோர், உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், நார்மண்டிக் கடற்கரையையும் ஸ்டாலின்கிராட் நகரின் இடிபாடுகளையுமே திரும்பத் திரும்பச் செய்கின்றனர். கடையில் கிடைக்கும் பெட்டிகள் ஜெர்மானிய, அமெரிக்க, ருஷ்யப் படைகளைச் சுற்றியே அமைந்திருப்பது அதற்குக் காரணம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் வாழும் ஒருவருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவையில்லை. அலோர் ஸ்டாரிலிருந்து வடக்கே தாய்லாந்து எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஜித்ராவும், அதைத் தாண்டி ஆசூனும் நங்காவும் சங்லூனும் இருக்கின்றன. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, மலாயாவின் தலைவிதியில் பெரும்பகுதி இந்தச் சாலையோரத்தில்தான் முடிவாயிற்று. அந்தச் சாலையில் நின்றவர்களுள் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சாலைக்குக் கிழக்கே கித்தா எனப்படும் ரப்பர்த் தோட்டங்கள். இக்காட்சியைப் பலகையில் அமைக்க முற்படும்போது எழும் சிக்கல்கள், கைவினையைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் ஒருசேரப் பலவற்றைக் கற்பிக்கின்றன.

பொம்மைச் சிப்பாய்களின் கதையைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வது இதற்கு உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் தகட்டைப் போலத் தட்டையான வெள்ளீய வீரர்களை வார்த்து ஐரோப்பா முழுவதும் அனுப்பியது. 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு என்னும் முறையைக் கொண்டுவந்தது: உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டிய பகுதி இறுகியவுடன் நடுவிலுள்ள குழம்பை வெளியே கவிழ்த்துவிட, உள்ளே வெற்றிடமுள்ள, எடை குறைந்த, விலை மலிந்த சிப்பாய் கிடைத்தான். 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தச் சிப்பாயே பின்னர் சேகரிப்பாளர்களின் அளவுகோலாக ஆனான். பேரரசின் படைகளையெல்லாம் பெட்டி பெட்டியாக விற்ற பிரிட்டன் நிறுவனம், வங்காளக் குதிரைப்படையையும் மதராஸ் காலாட்படையையும்கூட வார்த்தது. ஆனால் அவை அணிவகுப்பு உடையில் பளபளக்கும் சிப்பாய்களே தவிர, சேற்றில் நின்ற சிப்பாய்கள் அல்லர். ஈயத்தின் நச்சுத்தன்மை பற்றிய சட்டங்கள் இறுகியதால் 1966இல் ஈய வார்ப்பு முடிவுக்கு வந்தது. அதற்குள் பிளாஸ்டிக் வந்துவிட்டது. பிரிட்டனின் ஏர்பிக்ஸ் 1/72 அளவில் முழு உருவங்களாகவும், ஜப்பானின் தாமியா 1/35 அளவில் வாங்குபவரே ஒட்டிக்கொள்ளும் தனித்தனி உறுப்புகளாகவும் சிப்பாய்களை அச்சிட்டு, வண்ணம் தீட்டிக்கொள்ளும்படி விற்றன. 1980களில் ஹாங்காங்கில் தோன்றிய கிங் அண்ட் கண்ட்ரி போன்றவை, வண்ணம் தீட்டி முடித்த உலோக உருவங்களை ஏறத்தாழ 1/30 அளவில் சேகரிப்பாளர்களுக்கு அளிக்கின்றன.

டயோராமா அமைப்பது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர், வில்லியம் சைபோர்ன் என்னும் பிரிட்டிஷ் இராணுவ அதிகாரிக்கு நேர்ந்ததை அறிந்தால் அக்கருத்தை மாற்றிக்கொள்வர். வாட்டர்லூப் போர்க்களத்தின் மாதிரியை அமைக்குமாறு 1830இல் பணிக்கப்பட்ட அவர், போர்க்களத்தின் நடுவிலிருந்த லா ஹே சேந்த் பண்ணையிலேயே பல மாதங்கள் தங்கி நிலத்தை அளந்தார். போரில் ஈடுபட்ட அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, 1815 ஜூன் 18 மாலை ஏழு மணியளவில் அவரவர் படை எங்கே நின்றது, எதிரே என்ன விளைந்திருந்தது என்றெல்லாம் கேட்டறிந்தார். நடுவில் அரசு பண உதவியை நிறுத்திவிட, கடன்பட்டுப் பணியை முடித்தார். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு உருவங்கள் நின்ற அம்மாதிரி 1838இல் இலண்டனில் காட்சிக்கு வந்தபோது பெருந்திரள் மக்கள் கண்டு வியந்தனர். வெல்லிங்டன் பிரபுவின் தரப்பினர் மட்டும் வியக்கவில்லை. வெற்றிக்கு முன்பே ப்ரஷ்யப் படை களத்தின் பக்கவாட்டில் பெருந்திரளாக நிற்பதைப் போல அமைக்கப்பட்டிருந்ததால், வெற்றியின் பெருமை பங்குபோடப்படுகிறது என்பது அவர்கள் மனக்குறை. முடிவில் சைபோர்ன் ப்ரஷ்ய உருவங்களில் பலவற்றை எடுத்துவிட இசைய நேர்ந்தது. இன்று அந்த மாதிரி இலண்டனின் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு பலகையில் யாரை நிறுத்துவது, யாரை விடுவது என்பதே ஒரு வரலாற்றுத் தீர்ப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஜித்ராவிலும் அதே கேள்வி எழுகிறது. நிகழ்ந்தது என்ன என்பதை முதலில் பார்க்கலாம். ஜப்பானியர் தாய்லாந்தின் சொங்க்லாவில் இறங்குவார்கள் என எதிர்பார்த்து, அவர்களுக்கு முன்பே எல்லை தாண்டி அத்துறைமுகத்தைப் பிடிப்பதென ‘மத்தடோர்’ என்னும் பெயரில் பிரிட்டிஷ் தலைமை ஒரு திட்டம் வைத்திருந்தது. அத்திட்டத்திற்காகப் புறப்படும் நிலையில் காத்திருந்த 11ஆவது இந்திய டிவிஷனுக்கு, டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் சொங்க்லாவிலும் பட்டாணியிலும் கோத்தா பாருவிலும் இறங்கிய பிறகு, திட்டம் கைவிடப்பட்டது, ஜித்ராவில் தற்காப்பு நிலை கொள்க என்ற ஆணை வந்தது. கொட்டும் மழையில் பதுங்குகுழிகள் நீர் நிரம்பிக் கிடந்தன. முள்கம்பியும் கண்ணிவெடியும் இன்னும் முழுமையாக இடப்படவில்லை. முன்னேறி வரும் எதிரியைத் தாமதப்படுத்தச் சாலையில் முன்னே அனுப்பப்பட்டிருந்த 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன், டிசம்பர் 11ஆம் நாள் சங்லூனிலிருந்து பின்வாங்கி நங்கா அருகே வந்திருந்த பிற்பகலில், மழைத் திரைக்குப் பின்னாலிருந்து ஜப்பானிய டாங்கிகள் சாலை வழியே நேராக வந்துவிட்டன. அந்தச் சிப்பாய்களுள் பெரும்பாலோர் அதற்குமுன் டாங்கியைக் கண்ணால் கண்டதே இல்லை; மலாயாவிலிருந்த பிரிட்டிஷ் தரப்பில் ஒரு டாங்கிகூட இருக்கவில்லை. பட்டாலியன் சிதறியது. அடுத்து ஆசூனில் 2/1 கூர்க்கா ரைபிள்ஸ் காத்த பாலத்தைத் தகர்க்க வைத்த வெடிகள் வெடிக்கவில்லை; டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியால் கூர்க்கா ஹவில்தார் ஒருவர் முன்னால் வந்த டாங்கிகளைச் செயலிழக்கச் செய்தும், இடைக்கால ஓய்வு மட்டுமே கிடைத்தது. டிசம்பர் 12 இரவு ஜித்ரா கைவிடப்பட்டது. அடுத்து குரூண், மூடா ஆறு என்று பின்வாங்கிய படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் சரணடைந்தது.

இந்நிகழ்வுகளில் எந்தக் கணத்தைத் தேர்வது? தாமியா நிறுவனம் 97ஆம் வகை ஜப்பானிய டாங்கியை 1/35 அளவில் 1970களிலிருந்து விற்றுவருகிறது. ஆகவே பெட்டியிலுள்ள டாங்கியை நடுவில் நிறுத்தி, சுற்றிலும் வெற்றிக் களிப்பில் ஜப்பானியக் காலாட்களை நிறுத்திவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அது எளிய வழியே தவிர, நல்ல வழியன்று. ஜப்பானியப் படையோடு வந்த கர்னல் மசனோபு சுஜி, போருக்குப்பின் எழுதிய நூலில், சாலையோரத்தில் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் நின்றதாகவும், அவற்றுக்குரிய வீரர்கள் மழைக்கு ஒதுங்கிக் கித்தா மரங்களின் கீழ் நின்றதாகவும் குறிப்பிடுகிறார். அவர் தம் தரப்பின் வெற்றியைச் சற்று மெருகேற்றி எழுதும் இயல்புடையவர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். எனினும் மழை, கித்தா மரம், ஆளற்ற பீரங்கி ஆகிய மூன்றும் சேர்ந்த அந்தக் கணம், டாங்கி கண்ணில் படுவதற்குச் சற்று முந்திய கணம், டயோராமாவுக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. அமெரிக்கரான ஷெப்பர்ட் பெய்ன் 1970களிலும் 80களிலும் இக்கலைக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் ஒருவர். காட்சி என்பது கதை சொல்லவேண்டும் என்பதே அவர் வலியுறுத்தியது. வெடிப்பும் நெருப்பும் கதையை முடித்துவிடுகின்றன. வரப்போவதை அறியாமல் நிற்கும் மனிதர்கள் கதையைத் தொடங்கிவைக்கிறார்கள்.

கணம் முடிவானபின் கணக்கு. 1/35 என்றால் உண்மையில் 35 சென்டிமீட்டர் உள்ள பொருள் பலகையில் ஒரு சென்டிமீட்டர். வீட்டு அலமாரியில் அடங்கும் 40க்கு 30 சென்டிமீட்டர் பலகை, இவ்வளவில் 14க்கு பத்தரை மீட்டர் நிலத்தை மட்டுமே கொள்ளும். இரண்டு லாரிகள் ஒதுங்கிச் செல்லும் சாலைக்கு 18 அடி அகலம் வைத்தால், அது பலகையில் பதினாறு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்கிறது. பழைய தோட்டங்களில் ஏக்கருக்கு நூறு மரம் என்ற கணக்கில், ஏறத்தாழ இருபதடிக்கு ஒரு மரம் நட்டிருந்தார்கள் என்றால், மரத்துக்கு மரம் பதினேழு சென்டிமீட்டர். ஒரு நிரையில் மூன்று மரம் வைத்தாலே பலகை முடிந்துவிடும். முதிர்ந்த கித்தா மரம் அறுபதடி உயரம் எனக் கொண்டால், பலகைக்கு மேல் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கும். காலடியிலுள்ள சிப்பாயின் உயரமோ ஐந்து சென்டிமீட்டர். பார்ப்பவர் கண் மரத்துக்குப் போகுமா, மனிதனுக்குப் போகுமா என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

இதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, 1/72 அளவுக்கு இறங்கிவிடுவது: அதே பலகையில் தோட்டத்தின் நிரைகள் கண்ணுக்குப் புலப்படும், மரங்களும் ஏறத்தாழ இருபத்தைந்து சென்டிமீட்டரில் அடங்கும், ஆனால் சிப்பாயின் உயரம் இரண்டரைச் சென்டிமீட்டர்கூட இராது என்பதால், கடையில் எளிதில் கிடைக்காத இந்தியச் சிப்பாயை மாற்றிச் செய்வது மிகக் கடினம். மற்றொன்று, 1/35 அளவிலேயே நின்று, மரங்களின் தலைகளைத் துண்டித்துவிடுவது. நிழற்படக் கருவி தரைமட்டத்தில் நின்று எடுத்த படத்தில் எப்படி மரத்தின் உச்சி வெளியே போய்விடுமோ, அப்படியே அடிமரங்கள் மட்டும் பதினெட்டு, இருபது சென்டிமீட்டர் வரை எழுந்து, மேலே கண்ணாடிப் பெட்டியின் சட்டத்தில் மறைந்துவிடும்படி அமைக்கலாம். கித்தாத் தோட்டத்திற்குள் நின்று பார்த்த எவரும் நினைவில் வைத்திருப்பது இலைக்கூரையை அன்று, வரிசை வரிசையாக நிற்கும் சாம்பல் நிற அடிமரங்களையே என்பதால், இரண்டாம் வழியே கெடாவுக்குப் பொருத்தமானது. பின்னால் ஒரு பலகையை வளைத்து நிறுத்தி, நிரைகள் தூரத்தில் சிறுத்துக் குவிவதை ஓவியமாகத் தீட்டினால் மூன்று மரங்கள் முந்நூறு மரங்களாகிவிடும். தரையிலுள்ள பொருளும் சுவரிலுள்ள ஓவியமும் கண்ணுக்கு ஒன்றாவதன் பெருவடிவத்தைக் காண விரும்புவோர், அலோர் ஸ்டார் அருகே கெரியாங் மலையடிவாரத்திலுள்ள நெல் அருங்காட்சியகத்திற்குச் செல்லலாம். வட கொரிய ஓவியர் குழு தீட்டிய, பார்வையாளரைச் சுற்றிவரும் கெடா வயல்வெளி ஓவியம் அங்கு உள்ளது. அதனைக் காண அமர்ந்திருக்கும் மேடையும் மெல்லச் சுழல்கிறது.

மரம் செய்வதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பால் வெட்டும் பருவத்திலுள்ள கித்தா மரத்தின் அடித்தண்டு கால் மீட்டர் குறுக்களவு இருக்கும். 1/35 அளவில் அது ஏழு மில்லிமீட்டர், அதாவது பென்சிலின் தடிமன். பட்டை அதிகம் வெடிக்காத, நேராக வளர்ந்த குச்சிகளைத் தேர்ந்து, நன்கு காயவிட்டு, சாம்பலும் வெள்ளையும் கலந்த திட்டுகளாக வண்ணம் தீட்டவேண்டும். பழுப்பு நிறம் தீட்டினால் அது எந்த மரமாகவும் இருக்கலாம், கித்தா மரமாக இராது. பிறகு கூரிய கத்தியால் தண்டின் அரைச்சுற்றுக்குப் பால் வெட்டுக் கீறலை இடவேண்டும். கீறல் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். இதை மாற்றிக் கீறியவரின் பலகையைத் தோட்டத்தில் பிறந்தவர் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். வெட்டின் கீழ்முனையில் பீலி என்னும் சிறு தகடும், அதன் கீழ்க் கம்பியில் மங்கு என்னும் கிண்ணமும் இருக்கும். மங்குக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவில் உருட்டிய மாவை ஊசித்தலையால் குழித்தால் போதும். பீலிக்குத் தகர டப்பாவின் உள்மூடித் தாளை நறுக்கிக்கொள்ளலாம்.

தரைக்குச் செம்மண் வேண்டும். உண்மையான மண்ணைச் சல்லடையில் சலித்துப் பயன்படுத்துவது எளிது என்றாலும், கெடாவின் ஈரக்காற்றில் அதில் பூஞ்சை பிடிக்காமலிருக்க முதலில் அடுப்பில் சூடாக்கிக்கொள்ளவேண்டும். இதைத் தவிர்த்தால் மூன்றாம் மாதமே பலகையில் வெள்ளைப் பூஞ்சை படரும். மெத்தை அட்டையைச் செதுக்கி மேடுபள்ளம் அமைத்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, அதன்மேல் மண்ணைத் தூவி, காய்ந்தபின் மீண்டும் ஒருமுறை நீர்த்த பசையைத் தெளித்தால் தரை உறுதிப்படும். காய்ந்த இலைகளை மிக்சியில் அடித்துச் சலித்த துகள், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் சருகாகும். இங்கே ஓர் எச்சரிக்கை: கெடாவின் கித்தா மரங்கள் இலையுதிர்ப்பது பொதுவாக ஆண்டின் முதல் மாதங்களில்தான்; டிசம்பரில் மரங்கள் இலை நிறைந்தே இருக்கும் என்பதால் சருகைக் கொட்டிக் குவித்துவிடக்கூடாது. பின்புற ஓவியத்தில் வயல் தெரியுமானால் அதற்கும் இதே கவனம் தேவை. 1970களில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்தபிறகே கெடா சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. 1941இல் ஒரே போகம். டிசம்பர் வயலில் நீர் நிற்கும், பயிர் இன்னும் அறுவடைக்கு வந்திராது. இன்றைய வயலை எந்த மாதத்திலோ நிழற்படம் எடுத்து அதைப் பார்த்துத் தீட்டினால் ஆண்டு மாறிவிடும்.

மழையைப் பலகையில் பெய்யவைக்க முடியாது. பெய்துகொண்டிருப்பதன் அடையாளங்களை மட்டுமே காட்டமுடியும். மெல்லிய பிளாஸ்டிக் இழைகளைச் சாய்வாக ஒட்டி மழைக்கோடு காட்ட முயல்வோர் உண்டு; பெரும்பாலும் அது மீன்பிடி வலை போல் காட்சியளிக்கும். தார்ச் சாலையைச் சாதாரணக் கறுப்பில் தீட்டாமல் நீலச் சாம்பலில் தீட்டி மேலே பளபளப்பு வார்னிஷ் பூசுவது, சக்கரத்தடங்களில் தெளிந்த பிசினை ஊற்றிக் குட்டையாக்குவது, சிப்பாய்களின் தோள்களிலும் மார்பிலும் மட்டும் காக்கி நிறத்தைக் கருக்கி நனைந்ததாகக் காட்டுவது, மரத்தண்டின் ஒருபக்கத்தை மட்டும் கருமையாக்குவது, சாலையோரக் கால்வாயில் செந்நிற நீரை நிரப்புவது ஆகியவை போதும். நேராக மழை பெய்தால் தண்டின் இருபக்கமும் நனையும், காற்றோடு பெய்தால் ஒருபக்கமே நனையும் என்பதையும், அந்தப் பக்கம் எல்லா மரங்களிலும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது.

இனி மனிதர்கள். இங்கேதான் கடைப்பெட்டி கைவிரிக்கிறது. 1/35 அளவில் பிரிட்டிஷ் காலாட்கள் எளிதில் கிடைப்பார்கள்; அரைக்கால் சட்டையும் காக்கிச் சட்டையும் அணிந்த பாலைவனப் படையினரின் உடல், மலாயாச் சிப்பாய்க்கும் ஏறக்குறையப் பொருந்தும். தலைதான் பொருந்தாது. பஞ்சாப் பட்டாலியன்களில் சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம்கள், டோக்ராக்கள் எனப் பல பிரிவினர் தனித்தனிக் கம்பெனிகளாக இருந்தனர். சீக்கியர் இரும்புத் தொப்பி அணியாமல் காக்கித் தலைப்பாகையோடே போரிட்டனர். ஆகவே தலைப்பாகையைக் கையால் சுற்றவேண்டும். இரண்டு பகுதிகளாக விற்கப்படும் எபாக்ஸி மாவைச் சம அளவில் பிசைந்து, அரைமணி நேரம் சற்று இறுகவிட்டு, பவுடர் தூவிய கண்ணாடியின்மேல் தாளின் தடிமனுக்கு உருட்டி, மூன்று மில்லிமீட்டர் அகல நாடாக்களாக அரியவேண்டும். தொப்பியைச் சீவியெடுத்த தலையின்மேல் நாடாவை நெற்றியிலிருந்து பின்னோக்கிச் சாய்வாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் பாதி மறைக்கும்படி அமைத்து, ஈர ஊசியால் மடிப்புகளை அழுத்தினால், நெற்றியின் நடுவில் சீக்கியத் தலைப்பாகைக்குரிய சிறு முக்கோணம் தானே விழும். முதலில் செய்யும் தலைகள் முட்டைக்கோசு போல இருப்பது இயல்பு. தாடிக்கும் அதே மாவு. மழைக்கு ஒதுங்கிய ஒருவர் தலைமேல் இழுத்துப் போர்த்தியிருக்கும் தார்ப்பாய்க்கு, நீர்த்த பசையில் நனைத்த டிஷ்யூ தாளே ஏற்றது. உலர்ந்தபின் அது துணியின் மடிப்பை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

வண்ணம் தீட்டுவதிலும் பெட்டியின் குறிப்புத்தாள் உதவாது. ‘தோல் நிறம்’ என்று அது குறிப்பிடும் குப்பி ஐரோப்பியத் தோலின் நிறம். செம்பழுப்பை அடியில் பூசி, அதனுடன் சிறிது மஞ்சள் காவியைக் கலந்து நெற்றி, மூக்கு, கன்னம் ஆகிய மேடுகளில் ஏற்றி, கண்குழியிலும் தாடையின் கீழும் ஊதா கலந்த பழுப்பை இறக்கினால் முகம் எழும். ஒரே பட்டாலியனில் எல்லோரும் ஒரே நிறத்தில் இருக்கமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு முகத்துக்கும் கலவையைச் சற்று மாற்றுவது நலம். இவ்வளவு உழைப்பு எதற்கு என்று கேட்போருக்கு ஒரு விடை உண்டு. 14ஆவது பஞ்சாப் ரெஜிமெண்டின் அந்த முதல் பட்டாலியனைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் ஜித்ராவின் குழப்பத்தில் படையிலிருந்து துண்டிக்கப்பட்டு, சில நாள்களில் அலோர் ஸ்டாரில் ஜப்பானியரிடம் சரணடைந்து, இந்தியர்களைக் கவரும் பணியிலிருந்த மேஜர் புஜிவாராவோடு பேசி, முதல் இந்திய தேசிய இராணுவத்தை அமைத்தார். சுபாஷ் சந்திர போஸ் 1943இல் வந்தபின் அவ்வியக்கத்தில் கெடா, பேராத் தோட்டங்களின் தமிழர்கள் திரண்டு சேர்ந்த கதை இந்த மழைச்சாலையிலிருந்தே கிளைக்கிறது. பெட்டியில் கிடைத்த வெள்ளை முகங்களையே வைத்து முடித்துவிடும் பலகை, இக்கதையை அறவே துடைத்துவிடுகிறது.

இன்னொருவரும் விடுபடுகிறார். நிலம் கித்தாத் தோட்டம் என்றால், அதன் மரங்களை நாள்தோறும் தொட்டவர் பால் வெட்டும் தொழிலாளி. டிசம்பர் 11 பிற்பகல் அவர் அச்சாலையோரத்தில் நின்றதாகக் காட்டுவது கற்பனையாகிவிடும். ஆனால் அவர் அங்கே இருந்துவிட்டுப் போனதைக் காட்டத் தடையில்லை. பால் எடுக்கும் வேலை விடியற்காலையில் தொடங்கி முற்பகலில் முடிந்துவிடும். மழை வரும் நாளில் மங்குகளைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். மரங்களில் கவிழ்ந்த மங்குகள், தண்டில் அன்றைய வெட்டின் வெளிர்நிறக் கீறல், நிரையின் ஊடே காலடி பட்டு வழுக்கையான ஒற்றையடித் தடம், அதன் முனையில் காண்டா எனப்படும் காவுதடி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருப்பது ஆகியவை, பீரங்கிக்கு அருகே நிற்கும் சிப்பாய்களின் காட்சியைப் பாதிக்காமல், இந்த நிலம் போர்க்களமாவதற்கு முன் யாருடைய வேலைத்தலம் என்பதைச் சொல்லிவிடும். பின்னால் 1942, 43ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டதும், அவர்களில் ஏராளமானோர் திரும்பாததும் இந்த நாளின் தொடர்ச்சியே. டாங்கியை நடுவில் நிறுத்தும் பலகையில் இவற்றுக்கு இடமே கிடைக்காது. தடத்துக்கும் மங்குக்கும் இடம் ஒதுக்கினால், டாங்கி பலகைக்கு வெளியே, சாலை வளைவுக்கு அப்பால், வராமலே இருக்கலாம். பதினாறு சென்டிமீட்டர் நீளமுள்ள டாங்கியை வைக்காததால் மிஞ்சும் இடம் கூடுதல் இலாபம். பெட்டி வாங்கிய காசு வீண் என்று வருந்துவோர் அதைத் தனிப் பலகையில் நிறுத்திக்கொள்ளலாம்.

வைக்கும் முறையில் ஒரு நுட்பம் மட்டும் குறிப்பிடத்தக்கது. சாலையைப் பலகையின் விளிம்புக்கு இணையாக ஓடவிடாமல் சற்றுச் சாய்வாக ஓடவிட்டால், பார்வையாளர் கண் ஒரு மூலையில் நுழைந்து மறு மூலைக்குச் செல்லும். நுழையும் மூலையில் ஆளற்ற பீரங்கியும், நடுவில் மரத்தடியில் மூன்று நான்கு சிப்பாய்களும், வெளியேறும் மூலையில் வெற்றுச் சாலையும் அமைவது நலம். சிப்பாய்களுள் ஒருவராவது தலையைத் திருப்பி வெற்றுச் சாலையைப் பார்க்கவேண்டும், மற்றவர்கள் பார்க்கக்கூடாது. எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தால் அது அணிவகுப்பு.

முடித்த பலகையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது அலங்காரத்துக்காக அன்று. குச்சிகளைத் துளைக்கும் வண்டும், பசையைத் தேடிவரும் எறும்பும், மலேசிய வீடுகளின் பல்லியும் வண்ணத்துக்கு ஏற்படுத்தும் சேதம் கொஞ்சநஞ்சமன்று. நேர்வெயில் பட்டால் குட்டையாக ஊற்றிய பிசின் மஞ்சளாகும்.

கடைசியில் விளக்கச்சீட்டு. இடம், நாள், படைப்பிரிவு ஆகியவற்றோடு நேரத்தையும் எழுதுவது வழக்கம்; அங்கே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. 1941 செப்டம்பரிலிருந்து மலாயா கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னதாக இருந்தது. ஜப்பானியப் படையோ எங்கே சென்றாலும் டோக்கியோவின் ஒன்பது மணி நேரத்தையே கைக்கொண்டது. ஒரே நிகழ்வு பிரிட்டிஷ் ஆவணத்தில் பிற்பகல் நான்கரை என்றும் ஜப்பானிய நூலில் மாலை ஆறு என்றும் பதிவாகியிருக்கலாம். இரு நூல்களிலிருந்தும் நேரங்களை எடுத்துக் கலந்துவிட்டால், ஒன்றரை மணி நேரம் நடுவில் காணாமற்போவதோடு, காட்சியின் வெளிச்சமும் பிற்பகல் மூட்டத்திலிருந்து அந்திக்கு மாறிவிடும். எந்த ஊர் நேரம் என்பதைச் சீட்டில் குறிப்பிட்டு, பீரங்கியும் மழையும் மரத்தடியும் நூல்வழி அறிந்தவை, மங்கும் தடமும் காண்டாவும் அமைத்தவரின் ஊகம் என்று பலகையின் அடிப்புறத்தில் எழுதி ஒட்டிவிட்டால், பின்னால் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எதை நம்பலாம், எதைக் கேள்வி கேட்கலாம் என்பதைத் தாமே பிரித்துக்கொள்வார்.